முப்பத்தெட்டு வயதில் சட்டம் படிக்கலாமா?

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. ஹாரோவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் யாழ்ப்பாணத்து ஐயா கையில் ஒரு கடிதத்தோடு வந்தார். "தம்பி, இதில என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லும்" என்றார். மருமகளின் விசா நீட்டிப்பை மறுத்து வந்த கடிதம். எட்டுப் பக்கம். மேல்முறையீடு செய்ய 14 நாள் அவகாசம் என்று நடுவில் ஒரு வரி. தேதியைப் பார்த்தேன். அன்றைக்குப் பதினோராவது நாள்.

"ஃபார்ம் நிரப்பித் தந்த ஆளிட்டைக் காட்டினனான். பார்க்கிறன் எண்டவர்" என்றார் ஐயா. அந்த ஆள் வக்கீல் இல்லை, பதிவு பெற்ற ஆலோசகரும் இல்லை. ஆனால் 600 பவுண்டு வாங்கியிருந்தார். திங்கட்கிழமை முழுக்க ஆபீஸ் மீட்டிங்குகளுக்கு நடுவே போன் போட்டு, செவ்வாய்க்கிழமை ஒரு சொலிசிட்டரைப் பிடித்தோம். பதிமூன்றாவது நாள் மேல்முறையீடு பதிவானது.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி. நாமே சட்டம் படிச்சா என்ன?

பி.இ. முடித்து பதினைந்து வருடமாக ஐ.டி.யில் இருக்கிறேன். இந்த யோசனை எனக்கு மட்டும் வந்ததில்லை. கோயில் அன்னதான வரிசையிலும் பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளி வாசலிலும் முப்பத்தைந்தைத் தாண்டிய ஐ.டி. ஆட்கள் பலர் இதைப் பேசக் கேட்டிருக்கிறேன். பாதி ஆசை, பாதி லேஆஃப் பயம். இப்போது ஏ.ஐ. பயமும் சேர்ந்துகொண்டது.

மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "நீங்க வக்கீல் ஆகணுமா, இல்ல இப்ப இருக்கிற வேலையிலேர்ந்து தப்பிக்கணுமா? முதல்ல அதச் சொல்லுங்க."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இந்த வயதில் சட்டம் படிக்க நினைக்கும் ஒவ்வொருவரும் முதலில் இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. "வயசாயிடுச்சா?" என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

கணக்கைப் பார்ப்போம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொலிசிட்டர் ஆவதற்குச் சட்டப் பட்டமே தேவையில்லை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 2021இல் வந்த எஸ்.க்யூ.இ. தேர்வு முறையில் ஏதாவது ஒரு துறையில் பட்டம் இருந்தால் போதும். ஊரில் வாங்கிய பி.இ.யும் செல்லும். முதல் கட்டத்தில் மொத்தம் 360 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள், அதில் இரண்டு சரி போலவே இருக்கும். எழுதுபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் தேறுகிறார்கள். இரண்டாம் கட்டம் எழுத்தும் பேச்சுமான செய்முறைத் தேர்வு. தேர்வுக் கட்டணம் மட்டும் ஏறக்குறைய 5,000 பவுண்டு, பயிற்சி வகுப்புக்குத் தனி. அதோடு இரண்டு வருடம் சட்ட வேலை அனுபவமும் காட்ட வேண்டும். பாரிஸ்டர் ஆக வேண்டுமானால் கதை வேறு. அதற்குச் சட்டப் பட்டமோ, அதற்கு ஈடான மாற்றுப் படிப்போ கட்டாயம்.

முழுநேரமாக எல்.எல்.பி. படிக்கப் போனால், உள்நாட்டு மாணவர்களுக்கே 2025-26இல் வருடத்துக்கு 9,535 பவுண்டு வரை. நிரந்தரக் குடியுரிமை இன்னும் கிடைக்காதவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்ட வேண்டிவரும், அது இன்னும் அதிகம். ஏற்கெனவே ஒரு பட்டம் இருந்தால், அது கோயம்புத்தூரில் வாங்கியதாக இருந்தாலும், இரண்டாவது இளநிலைப் பட்டத்துக்கு அரசு கல்விக்கடன் பொதுவாகக் கிடைக்காது. மூன்று வருடச் சம்பளம் போவது தனிக்கணக்கு. வேலை விசாவில் இருப்பவர்கள் வேலையை விட்டால் விசாவும் போகும். ஓப்பன் யூனிவர்சிட்டியில் பகுதிநேரமாகப் படித்தால் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஆறு வருடம் ஆகும்.

இவ்வளவையும் தாண்டி வந்தால் நாற்பது வயதில் நீங்கள் ஜூனியர். இருபத்தேழு வயதுப் பெண் உங்கள் டிராஃப்டைத் திருத்திக் கொடுப்பார். அதைச் சிரித்தபடி வாங்கிக்கொள்ள முடியுமா என்றும் யோசியுங்கள்.

அப்படியானால் வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. முதலில் பணம் கட்டிவிட்டு, பிறகு அந்த வேலை பிடிக்குமா என்று பார்ப்பதுதான் தவறு. நம் ஊர்ப் பழக்கம் அதுதான். பதினேழு வயதில் கவுன்சிலிங்கில் கிடைத்த சீட்டை எடுத்தோம், வேலை என்ன என்பதைப் பிறகு தெரிந்துகொண்டோம். இரண்டாவது முறையும் அப்படியே செய்ய வேண்டுமா?

இந்த நாட்டில் வேலையை முதலில் தொட்டுப் பார்க்க வழி இருக்கிறது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற அமைப்புகள் தன்னார்வலர்களுக்கு இலவசமாகப் பயிற்சி தருகின்றன. குடிவரவு ஆலோசனைக்கு இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டி என்ற அமைப்பு இருக்கிறது. வக்கீலாக இல்லாதவர்களும் அதன் தேர்வை எழுதி, மூன்று நிலைகளில் ஒன்றில் பதிவு பெறலாம். எளிய விண்ணப்பங்களுக்கு முதல் நிலை, தீர்ப்பாயத்தில் வாதாட மூன்றாம் நிலை. இப்படி எந்தத் தகுதியும் இல்லாமல் குடிவரவு ஆலோசனை தருவதைத் தொழிலாக நடத்துவது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லாபம் பார்க்கவில்லை, சேவைதான் செய்கிறேன் என்று சொல்லியும் தப்பிக்க முடியாது. ஐயாவிடம் பணம் வாங்கிய ஆளைப் போன்றவர்களிடம் நம் மக்கள் போவது, தமிழில் பேச வேறு யாரும் இல்லை என்பதால்தான்.

நான்கு மாதமாகச் சனிக்கிழமை காலைகளில் உள்ளூர் ஆலோசனை மையம் ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். சினிமாவில் பார்த்த வாதம், மேஜையைத் தட்டுவது எதுவும் இல்லை. வாடகை பாக்கி, உதவித்தொகைப் படிவம், தொலைந்துபோன ரசீது, தவறிப்போன தேதி, இவைதான். முதல் வாரம் வீட்டுக்கு வந்து, "இதுக்கா ஆசைப்பட்டோம்?" என்று நினைத்தேன். மூன்றாவது மாதம், ஒரு அம்மாவின் கடிதத்தில் பிழையாக இருந்த தேதியைக் கண்டுபிடித்தபோது அந்தச் சலிப்பு போய்விட்டது. இப்போது முதல் நிலைத் தேர்வுக்குப் படிக்கிறேன். எஸ்.க்யூ.இ. பற்றி இரண்டு வருடம் கழித்து முடிவெடுப்பதாக மனைவியும் நானும் பேசி வைத்திருக்கிறோம். அவள் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. தப்பித்து ஓடுவதற்காக என்றால், இந்தச் சனிக்கிழமைகளை எப்போதோ விட்டிருப்பேன்.

இங்கே பிறந்து வளர்ந்த தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஆங்கிலம் எங்களுடையதைவிட நல்லது. வீட்டில் பேசும் தமிழ் அரைகுறைதான் என்று கூச்சப்படாதீர்கள். அந்தத் தமிழில் ஒரு கடிதத்தை விளக்கிச் சொல்லத் தெரிந்த வக்கீல்கள் நமக்குத் தேவை. அதற்கு முப்பத்தெட்டு வயது வரை காத்திருக்கவும் வேண்டாம்.

ஐயா மருமகளின் வழக்கு இன்னும் நடக்கிறது. விசாரணைத் தேதிக்காகக் காத்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் ஐயா அன்றைக்கே கொண்டுவந்து காட்டிவிடுகிறார்.