கண்ணுக்கு மேலே ஓர் எலும்புக் கட்டி

நெற்றி வலித்தால் பீனிசம், கன்னம் வலித்தால் சொத்தைப் பல், கண் பிதுங்கினால் யாரோ வைத்த செய்வினை! சுங்காய் வட்டாரத் தோட்டங்களில் இன்னமும் இந்தப் பேச்சுதான். மாதக் கணக்கில் வலி நிற்காவிட்டாலும் பனடோலும் கோடாலித் தைலமுமே வைத்தியம்.

முகத்து எலும்பிலேயே கட்டி வளரலாம். 'ஆஸ்டியோமா' என்பார்கள். புருவத்துக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு காற்றறை இருக்கிறது. பெரும்பாலும் அங்கேதான் முளைக்கும். கல்லைப் போல் கெட்டி. மிக மெதுவாக வளரும். இது புற்றுநோய் அல்ல, பயப்படாதீர்கள். வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தெரிவதே அதிகம். தொந்தரவு இல்லையென்றால் டாக்டர்கள் அதைத் தொடாமல், அவ்வப்போது படம் எடுத்துப் பார்ப்பதோடு விட்டுவிடுவார்கள்.

ஆனால் சளி வடியும் வழியை அது அடைத்தால் புருவத்தில் வலி குடைந்தெடுக்கும். கண்குழிக்குள் இறங்கினால் கண்ணை வெளியே தள்ளும். செம்பனையை அண்ணாந்து பார்க்கிறவருக்கு ஒரு குலை இரண்டாகத் தெரியும். கையில் நீளக் கம்பும் அரிவாளும் இருக்கும்போது இது விளையாட்டா? அப்போது அறுவைதான் வழி. பார்வை மங்கினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொன்று. முகத்தில் பல இடங்களில் இப்படிக் கட்டி இருந்து, குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். 'கார்ட்னர்' என்ற பரம்பரைக் கோளாறில் இரண்டும் சேர்ந்து வரும். அங்கே ஆபத்து முகத்தில் இல்லை, குடலில்.

நம் ஆட்கள் அறியாமையால் மட்டும் தாமதிக்கிறார்கள் என்று நான் ஒப்ப மாட்டேன். பெரட்டுக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சே என்ற பயம்தான் காலைக் கட்டுகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை ஐயா! 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சேவைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் அது தனிக் கணக்கு. 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தகவல் சொல்லிவிட்டு, எம்.சி.யைப் பத்திரப்படுத்துங்கள்.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். எத்தனை மாதமாக வலி, கண் எப்போதிலிருந்து இப்படி என்று விவரமாகச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் சிலிம் ரிவருக்கோ, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனைக்கோ கடிதம் கேளுங்கள். பழைய போட்டோ ஒன்றையும் கொண்டு போங்கள். கண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.