அணையா அடுப்பும் கோயில் சாவியும்

சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பிளாட்பார பெஞ்சில் நாங்கள் நாலைந்து கிழவர்கள் உட்காருவது வழக்கம். சென்னையிலிருந்து வரும் லோக்கல் இங்கே வந்து காலியாகும். கம்பெனி ஷிப்ட் முடிந்தவர்கள் ஏறி உட்காருவார்கள். அந்தச் சந்தடி அடங்கும்வரை எங்கள் பேச்சு ஓடும். போன தை மாதத்திலிருந்து அந்த பெஞ்சில் ஓர் இடம் காலி.

அந்த இடத்துக்காரர் சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கடவுள் இல்லை என்பதில் அவருக்குக் கடுகளவும் சந்தேகம் கிடையாது. "மனுசனுக்கு மனுசன் போதும் சார். நடுவுல ஆபீஸ் எதுக்கு?" என்பார். கோயில், சர்ச், மசூதி, மடம் எல்லாமே அவருக்கு 'ஆபீஸ்'தான். நான் ஆயுள் முழுக்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் எனக்கும் சேர்த்து ஒரு குத்து.

அவர் இறந்தபோது பிள்ளைகள் அவர் சொல்லைக் காப்பாற்றினார்கள். சாங்கியம் எதுவும் கூடாது என்று அவர் பல தடவை சொல்லியிருந்தார். ஆனால் அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஐஸ் பெட்டி வந்தது, சாமியானா போட்டார்கள், நாற்காலி போட்டார்கள். அதற்கப்புறம் எல்லாம் நின்றுவிட்டது. "எத்தனை மணிக்கு எடுக்குறாங்க?" என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். பதில் சொல்ல ஆள் இல்லை. பெண்களுக்கு அழலாமா கூடாதா என்றே தெரியவில்லை. தங்கை ஒரு கற்பூரமாவது ஏற்றவேண்டும் என்றார், பெரிய மகன் வேண்டாம் என்றார், இருவரும் அழுதார்கள். இரண்டு மணி நேரம் அப்படியே போயிற்று.

பிறகு பொன்னேரிப் பக்கமிருந்து கறுப்புச் சட்டைத் தோழர்கள் நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். மாலை போடுவதற்கு வரிசை அமைத்தார். இரண்டு பேர் சுருக்கமாகப் பேசினார்கள். மகனோடு மகளையும் தோள் கொடுக்கச் சொன்னார். எல்லாம் அரைமணி நேரத்தில் ஒழுங்காக முடிந்தது.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். மதமே வேண்டாம் என்றவரின் கடைசிப் பயணத்துக்கும் ஓர் 'ஆபீஸ்' தேவைப்பட்டது. அது கறுப்புச் சட்டை போட்டிருந்தது, அவ்வளவே வித்தியாசம். நிறுவனமாக அமைந்த மதம் சமுதாயத்துக்கு வேண்டுமா என்ற எங்கள் பெஞ்சுத் தகராறை அன்றிலிருந்து எனக்குள்ளேயே நடத்திக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். நம்பிக்கை வேறு, நிறுவனம் வேறு. சொந்த வீடு அமைய வேண்டும் என்று சிறுவாபுரி முருகன் கோயிலுக்கு ஆறு செவ்வாய்க்கிழமை போகிறவரின் நம்பிக்கை அவருடையது. அதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு வரிசை அமைப்பது, தண்ணீர் வைப்பது, உண்டியலை எண்ணிக் கணக்கு எழுதுவது, யார் எதுவரை போகலாம் என்று தீர்மானிப்பது இவையெல்லாம் நிறுவனத்தின் வேலை. நம் கேள்வி இந்த இரண்டாவதைப் பற்றியது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் முசியே 1905ஆம் வருஷத்துச் சட்டத்தை மிகவும் பெருமையாகச் சொல்லிக் கொடுப்பார். அரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, எந்த மதத்துக்கும் சம்பளம் கொடுக்காது என்று பிரான்சில் வந்த சட்டம் அது. மத நிறுவனத்தைக் காலமெல்லாம் கிண்டல் செய்த வோல்த்தேர் (இங்கே வால்டேர் என்பார்கள்) எங்களுக்கு ஒரு பெரிய வீரர். ஆனால் அதே வோல்த்தேர் தாம் வாழ்ந்த ஃபெர்னே கிராமத்தில் தம் செலவில் ஒரு தேவாலயம் கட்டினார் என்பதை முசியே கடைசி வகுப்பில்தான் சொன்னார். அடுத்த நூற்றாண்டில் ஒகுஸ்த் கோம்த் என்ற தத்துவ ஞானி கடவுள் இல்லாத 'மானுட மதம்' ஒன்றை உண்டாக்கினார். அதற்கும் நாள்காட்டி வேண்டியிருந்தது. புனிதர்கள் இருந்த இடத்தில் விஞ்ஞானிகளையும் கவிஞர்களையும் வைத்து, பதின்மூன்று மாதங்கள் கொண்ட ஒரு காலண்டரே போட்டார். பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவில் அந்த மதத்துக்குக் கோயிலும் எழுந்தது.

நம் ஊரிலும் இதே கதைதான். பெரியார் புரோகிதர் வேண்டாம் என்றார். உடனே சுயமரியாதைத் திருமணத்துக்கு ஒரு முறை தேவைப்பட்டது. தலைமை வகிக்க ஓர் ஆள், மாலை மாற்றல், உறுதிமொழி, வாழ்த்துரை எல்லாம் வந்தன. 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோதுதான் அதற்குச் சட்டப்படி செல்லுபடி கிடைத்தது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. பழைய ஏற்பாட்டை எடுப்பவர்கள் புது ஏற்பாடு ஒன்றை வைத்தே ஆகவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, ஏற்பாடு நல்லதா கெட்டதா? இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் வடலூர். என் அப்பா சிறு வயதில் தைப்பூசத்துக்குக் கடலூர் வழியாக என்னை அங்கே கூட்டிப்போவார். ஏழு திரைகள் விலகி ஜோதி தெரிகிற அந்த நொடிக்காக அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது.

வள்ளலார் நம் பக்கத்து மனிதரும்கூட. சென்னை ஏழுகிணறில் குடியிருந்தபோது, நம் லோக்கல் ரயில் நிற்கிற திருவொற்றியூர்க் கோயிலுக்கு ஓயாமல் போய்வந்தவர் அவர். பிற்காலத்தில் சாதி, சமயம், சாத்திரச் சண்டை எதுவும் வேண்டாம் என்று உதறியவரும் அவர்தான். ஆனால் அவர் செய்த காரியங்களின் வரிசையைப் பாருங்கள். 1865இல் சங்கம். 1867இல் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த 80 காணி நிலத்தில் சத்திய தருமச்சாலை. 1872இல் சத்திய ஞானசபை. அதே வருஷம் அங்கே எப்படி வழிபட வேண்டும் என்று எழுத்தில் விதிமுறைகள். உள்ளே போய்த் துடைத்து விளக்கு வைப்பவர் 12 வயதுக்கு உட்பட்டவராகவோ 72 வயதுக்கு மேற்பட்டவராகவோ இருக்க வேண்டும் என்பதுவரை எழுதி வைத்தார். (எனக்கு இப்போது அந்தத் தகுதி வந்துவிட்டது!) சமயங்களை உதறியவர் ஒரு நல்ல ஆபீஸ் மேனேஜர் மாதிரி விதி எழுதியிருக்கிறார்.

ஏன் என்று யோசித்தால் விடை தருமச்சாலை அடுப்பில் இருக்கிறது. 1867இல் ஏற்றிய அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பதே அந்த இடத்தின் பெருமை. 1874 தை மாதம் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போன வள்ளலார் திரும்ப வரவில்லை. இரண்டே வருஷத்தில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. கருணையுள்ள மனிதர் போய்விட்டார், அடுப்பு இருந்தது. விறகு வாங்க ஓர் ஆள், அரிசி அளக்க ஓர் ஆள், நாளைக்கு என்ன இருக்கிறது என்று நோட்டில் எழுத ஓர் ஆள் இருந்தால்தான் கருணை மறுநாள் காலையிலும் சோறாக வரும். தனி மனிதனின் நல்ல மனது அவனோடு போய்விடும். இதுதான் நிறுவனத்தின் பக்கம் நின்று நான் சொல்லக்கூடிய வலுவான வாதம்.

இதே வடலூர்தான் எதிர்வாதமும் தருகிறது. ஜோதியைத் தவிர வேறெதுவும் இல்லை என்று எழுதி வைத்த ஞானசபைக்குள் காலப்போக்கில் சிவலிங்க வழிபாடும் சடங்குகளும் புகுந்துவிட்டன. எழுதியவரின் விதி எழுத்திலேயே இருக்க, நடைமுறை வேறாகிவிட்டது. 2006இல் அறநிலையத்துறை, வள்ளலாரின் விதிப்படிதான் வழிபாடு நடக்க வேண்டும், உருவ வழிபாடு கூடாது என்று உத்தரவு போட்டது. 2010இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி கே. சந்துரு அதை உறுதி செய்தார். யோசித்துப் பாருங்கள்: ஸ்தாபகரின் சொல்லை அந்த இடத்துக்குத் திரும்பக் கொண்டுவர வெளியே இருந்து ஓர் ஆபீசும் ஒரு கோர்ட்டும் வேண்டியிருந்தது.

நிறுவனத்துக்கு இரண்டு கை. ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் சாவி. கரண்டி இருக்கிற கையை நாம் வாழ்த்துகிறோம். சாவி இருக்கிற கை என்ன செய்யும் என்பதற்கும் நம் நாட்டிலேயே நிறைய சாட்சி உண்டு. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களை 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் அழைத்துப் போகும்வரை அந்தச் சாவி பூட்டுவதற்குத்தான் பயன்பட்டது. மாகாணம் முழுதும் கதவு திறக்க 1947இல் சட்டம் வர வேண்டியிருந்தது. இது ஒரு மதத்தின் குற்றம் என்று மற்றவர்கள் நிம்மதி அடைய வேண்டாம். திருச்சி மேலப்புதூரில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிக்காக ஒரு சுவர் எழுப்பப்பட்டது. செத்த பிறகும் பிரிக்கிற புத்தி தனி மனிதனுக்கு இருக்கலாம்; அதற்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் கொடுத்து நூறு வருஷம் நிற்கவைக்க நிறுவனத்தால்தான் முடியும்.

அப்படியானால் என் நண்பர் சொன்னதுதான் சரியா? நடுவில் ஆபீஸ் வேண்டாமா? அதற்கும் ஒரு சாட்சி கூப்பிடுகிறேன். 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. அந்தக் கூட்டத்தை எந்த மதமும் அனுப்பவில்லை. பயந்துபோன வெறும் மனிதர்கள் அவர்கள். அதே கொரோனா காலத்தில், பெற்ற பிள்ளைகளே கிட்டே வர அஞ்சிய உடல்களை, எந்த மதத்தவராக இருந்தாலும் கவச உடை போட்டுக்கொண்டு எடுத்து அடக்கம் செய்தவர்களில் முஸ்லிம் அமைப்புகளின் இளைஞர்கள் முன்னால் நின்றார்கள். மனிதனுக்கு மனிதன் போதும் என்பது நல்ல நாளில் சரி. பயம் வந்த நாளில், 'இது உன் கடமை, பத்து பேர் உன்னோடு வருகிறார்கள்' என்று சொல்ல ஓர் அமைப்பு வேண்டியிருக்கிறது.

இதை அரசாங்கமே செய்யட்டுமே என்று கேட்பார்கள். அரசாங்கம் செய்யக்கூடியதைச் செய்ய வேண்டும்; செய்தும் இருக்கிறது. காமராஜர் 1956இல் கொண்டுவந்த மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022இல் வந்த காலைச் சிற்றுண்டியும் எந்தத் தருமச்சாலையாலும் முடியாத அளவு. ஆனால் நான் ஆபீசில் இருந்தவன், அதன் எல்லையும் எனக்குத் தெரியும். இறப்புச் சான்றிதழை நாங்கள் தப்பில்லாமல் எழுதிக் கொடுப்போம். வாங்க வந்த விதவையோடு பத்து நிமிஷம் உட்கார்ந்திருக்க எந்த அரசாணையும் கிடையாது. பதினாறு நாளும் யாராவது ஒருவர் வந்து திண்ணையில் உட்காருவது அரசாங்க வேலை அல்ல.

அரசாங்கமும் தப்பு செய்யாது என்று நினைக்க வேண்டாம். வடலூர்ப் பெருவெளியில் சர்வதேச மையம் கட்ட 2024இல் வேலை தொடங்கியபோது, நிலம் கொடுத்தவர்களின் வழிவந்த பார்வதிபுரத்து மக்களே போராடினார்கள். பெருவெளி வெளியாகவே இருக்கட்டும் என்பது அவர்கள் வாதம். யார் பக்கம் நியாயம் என்று நான் இங்கே தீர்ப்பு சொல்ல வரவில்லை. கேள்வி கேட்க ஊரார் இருந்தார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆகவே என் முடிவு இது. சமுதாயத்துக்கு நிறுவனமான மதம் வேண்டும், அல்லது அதன் வேலையைச் செய்கிற இன்னொன்று வேண்டும். ஆனால் மூன்று நிபந்தனைகள். கதவு எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். கணக்கு வெளியார் பார்வைக்கு வர வேண்டும். வேண்டாம் என்று விலகிப் போகிறவனை, அவன் வீட்டுக் கல்யாணத்தையும் சாவையும் காட்டி மிரட்டக்கூடாது. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய கோபுரம் இருந்தாலும் என் நண்பர் சொன்ன குத்து சரிதான்.

போன வாரம் என் மகள் கேட்டாள். "அப்பா, உங்களுக்கு என்ன செய்யணும்னு எழுதி வெச்சிடுங்க. அந்த மாமா வீட்டுல பட்ட கஷ்டம் வேணாம்." நான் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். பெரிய சாங்கியம் வேண்டாம். ஒரு விளக்கு போதும். அவளும் தோள் கொடுக்கலாம். சொல்ல வேண்டியவர்களின் போன் நம்பர்கள் இன்னின்ன. எடுக்கும் நேரத்தைக் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். பதினாறாம் நாள் செலவுக்கு வைத்த பணம் வடலூர் தருமச்சாலை அரிசிக்குப் போகட்டும்.

நீங்கள் கும்பிடுகிறவரோ கும்பிடாதவரோ, எந்தப் பக்கமாக இருந்தாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள். என்ன கூடாது என்று சொல்லிவிட்டுப் போனால் போதாது. என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் எழுதி வையுங்கள். என் நண்பர் அந்த இரண்டாவது பக்கத்தை எழுத மறந்துவிட்டார்.