மேட்டில் இறங்கினால் தோல்வியா?

வணக்கம் நேயர்களே! மன்னிக்கவும், வானொலிப் பழக்கம். வணக்கம் வாசகர்களே!

கோலாலம்பூரில்தான் எத்தனை 'புக்கிட்'! புக்கிட் பிந்தாங், புக்கிட் நானாஸ், புக்கிட் டாமன்சாரா... காரில் போனவரை இவை எனக்கு வெறும் பெயர்கள். சைக்கிளில் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான், புக்கிட் என்றால் குன்று என்பது என் முழங்காலுக்குப் புரிந்தது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து பங்சார் போகும் வழியில் ஜாலான் மாரோஃப் ஏற்றம். முதல் வாரமே, பாதி மேட்டில் கியரை மாற்றப்போய்ச் செயின் கழன்றுவிட்டது. பின்னால் வந்த கார் விடாமல் ஹாரன் அடித்தது. வெட்கத்தோடு இறங்கித் தள்ளினேன்.

அன்று மாலை அப்பாவிடம் புலம்பினேன். ரப்பர் தோட்டத்தில் பால் வாளி கட்டிய சைக்கிளோடு வளர்ந்தவர் அவர். "மேட்டுல தள்ளாம யாரும்மா போனா? பால் சிந்தாம நிறுக்கிற இடத்துக்குப் போய்ச் சேரணும், அவ்வளவுதான்" என்றார்.

இப்போது மேடு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுகிறேன். மூச்சு வாங்கினால், கூச்சமில்லாமல் இறங்கித் தள்ளுகிறேன். இறக்கத்தில்தான் கூடுதல் கவனம். இரண்டு பிரேக்கையும் விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். இங்கே விடியவே ஏழு மணி ஆகிறது. அதனால் முன்னும் பின்னும் விளக்கில்லாமல் கிளம்புவதில்லை.

காரில் போகும் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மேட்டில் திணறும் சைக்கிளைப் பார்த்தால் ஹாரன் அடிக்காமல், நன்றாக இடைவெளி விட்டுக் கடந்து போங்கள். அது நானாகவும் இருக்கலாம். நான் போய்ச் சேர்ந்தால்தானே காலையில் உங்களுக்கு வணக்கம் சொல்ல முடியும்!