பத்து நாளில் கிட்டார் வராது

கைப்பேசியைத் திறந்தால் போதும். "பத்தே நாளில் கிட்டார்", "நான்கே கார்டில் நூறு பாட்டு", "நோட்ஸ் வேண்டாம், மாஸ்டர் வேண்டாம்" என்று யாராவது ஒரு தம்பி பல் தெரியச் சிரித்தபடி கூப்பிடுகிறார். முதல் மூன்று பாடம் இலவசம், நான்காவதிலிருந்து கட்டணம். வியாபாரம் என்றால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் இந்தப் பொய்யில் போவது பணம் மட்டும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வித்வான் இல்லை. புதுச்சேரி அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து அறுபது வயதில் ஓய்வு பெற்றவன். அந்த ஆண்டுதான் கிட்டாரைக் கையில் எடுத்தேன். இப்போது எழுபத்து நான்கு. பதினான்கு வருடமாகத் தினம் அரை மணி நேரம். மேடை ஏறியதில்லை, ஏறவும் போவதில்லை. வாசலில் உட்கார்ந்து நான் வாசித்தால் தெருவில் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான் என் தகுதி. இந்த விஷயத்தைப் பேச அது போதும் என்று நினைக்கிறேன்.

நம் வயதுக்காரர்களுக்குச் சுலபமாகப் புரிகிற ஓர் உதாரணம் சொல்கிறேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஞாபகம் இருக்கிறதா? முதல் நாள் என்ன அடித்தோம்? பெயரையா, கடிதத்தையா? ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. பக்கம் பக்கமாக அதையேதான். விசைப் பலகையைக் குனிந்து பார்த்தால் மாஸ்டர் ஸ்கேலால் மேசையைத் தட்டுவார். லோயர் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. அந்த வேகத்தை எட்ட நாம் என்ன வித்தை செய்தோம்? ஒன்றும் இல்லை. விரல் தானாகப் போகும்வரை மெதுவாக அடித்தோம். வேகம் பின்னால் வந்தது.

என் கதையில் இன்னொரு சுற்று உண்டு. நான் படித்தது பிரெஞ்சு வழியில். முதலில் பழகிய டைப்ரைட்டரும் பிரெஞ்சுக்காரர்களுடையதுதான். அதில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ இருக்கும், டபிள்யூ இருக்க வேண்டிய இடத்தில் இசட் இருக்கும், எம் என்ற எழுத்து எல்லுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். அரசு வேலைக்கு ஆங்கில மெஷின் பழக வேண்டி வந்தபோது, தெரிந்ததை விரலிலிருந்து கழற்றுவதற்கே புதிதாகக் கற்பதைவிட அதிக நாள் ஆனது. விரலுக்கு எது சரி, எது தப்பு என்று தெரியாது. எதைப் பல முறை செய்ததோ அதைத்தான் வைத்துக்கொள்ளும். அவசரத்தில் மணிக்கட்டை மடக்கி, கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலே தூக்கிப் பழகியவனுக்கு அதைக் கழற்ற எத்தனை மாதம் ஆகும் என்று அந்தச் சிரிக்கிற தம்பி சொல்வதில்லை.

இப்போது கிட்டாருக்கு வருவோம். குமாஸ்தா என்பதால் கணக்குப் போட்டே சொல்கிறேன்.

விளம்பரத்தில் வருகிற அந்த நான்கு கார்டுகள் பெரும்பாலும் ஜி, டி, ஈ மைனர், சி. நான்கிலும் விரல் வைக்க ஒரே நாளில் காட்டிக்கொடுத்துவிடலாம், அது உண்மை. ஆனால் பாட்டு என்பது கார்டு இல்லை, ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாளம் தவறாமல் மாறுவது. நான்கு கார்டுக்குள் ஆறு ஜோடி மாற்றங்கள் இருக்கின்றன. நிமிடத்துக்கு 60 தட்டு என்று மெட்ரோனோமை வைத்து, நான்கு தட்டுக்கு ஒரு முறை மாற்றினால் நிமிடத்துக்கு 15 மாற்றம். பத்து நிமிடத்தில் 150. சி-யிலிருந்து ஜி-க்குப் போகிற அந்த ஒரே ஒரு மாற்றத்தைத் தினம் பத்து நிமிடம் செய்தேன். கையைப் பார்க்காமல் விரல் போய் விழுவதற்கு எனக்கு ஒரு மாதம் ஆனது. அதாவது 4,500 முறை. ஆறு ஜோடிக்கு 27,000. நேரக் கணக்கில் முப்பது மணி. இதைப் பத்து நாளில் முடிக்க வேண்டுமானால் நாளைக்கு மூன்று மணி நேரம். கிழவனுக்கு மெதுவாகத்தான் வரும், இளைஞனுக்குப் பாதி போதும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒன்றரை மணி நேரம். புதிதாகக் கம்பித் தந்தியை அழுத்துகிறவனின் விரல் நுனி அதைத் தாங்காது. தோல் தடித்துக் காய்ப்பு ஏறவே சில வாரம் வேண்டும். தோலுக்குக் குறுக்குவழி கிடையாது.

இதற்குப் பிறகுதான் எஃப் கார்டு. ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டில் படுக்க வைத்து ஆறு தந்தியையும் ஒரே விரலால் அழுத்த வேண்டும். எத்தனையோ கிட்டார்கள் பீரோ மேலே ஏறுவது இந்தக் கார்டில்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தின் மேல்கூடப் பழி போடுவதில்லை. "எஃப் வேண்டாம், கேப்போ போட்டுக்கொள்" என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். கேப்போ நல்ல கருவிதான். பாடுகிறவரின் சுருதிக்கு ஏற்றுவதற்கு அதைப் போடலாம். விரலுக்கு வராததை மறைப்பதற்குப் போட்டால் அந்த விரல் அங்கேயே நின்றுவிடும்.

காது என்று ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு இரண்டு இம்சைகள் இருந்தன. ஒன்று 'திக்தே'. ஆசிரியர் வாசிக்க வாசிக்க நாங்கள் பிழையில்லாமல் எழுத வேண்டும். மற்றது 'சோல்ஃபேழ்'. தோ, ரே, மி, ஃபா, சொல், லா, சி என்று ஸ்வரத்தைப் பார்த்துப் பாட வேண்டும். அன்றைக்கு இரண்டையும் திட்டிக்கொண்டுதான் செய்தோம். அறுபது வயதில் கிட்டாரை எடுத்தபோது தந்திகளுக்கு என் வாயில் வந்த பெயர் மி, லா, ரே, சொல், சி, மி. (மூன்றாம் தந்தியின் பெயர் 'சொல்' என்பதில் எனக்கு இன்றும் ஒரு சந்தோஷம்.) தடித்த தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டை அழுத்தினால் அடுத்த தந்தியின் ஒலி வர வேண்டும். எல்லாத் தந்திக்கும் இப்படித்தான், மூன்றாவதற்கு மட்டும் நான்காம் ஃப்ரெட். இப்படிச் சுருதி சேர்த்துப் பழகியவனின் காது தினமும் கொஞ்சம் கூர்மையாகிறது. இப்போது கைப்பேசியே பச்சை விளக்குக் காட்டிவிடுகிறது. விளக்கு வரும்வரை முறுக்குகிறார்கள், காதால் கேட்பதே இல்லை.

நமக்கு இது புதிய செய்தியும் இல்லை. கர்நாடக சங்கீதம் கற்கிற குழந்தை மாயாமாளவகௌளையில் சரளி வரிசையைத்தானே முதலில் பாடுகிறது? மூன்று காலத்திலும் பாடி, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று படி ஏறிய பிறகுதான் கீதம். மேற்கில் கிட்டாருக்கும் அதே கதை. இத்தாலியில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த மத்தேயோ கார்காசி எழுதிய 25 பயிற்சிப் பாடங்களை இரு நூற்றாண்டுக்கு நெருங்கியும் இன்னும் மாணவர்கள் வாசிக்கிறார்கள். வேறு வேறு கண்டத்தில், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், ஒரே வழியைக் கண்டிருக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்க வேண்டும். அடித்து அடித்துத்தான் கொல்லன் கொல்லனாகிறான் என்று பிரெஞ்சில் ஒரு பழமொழி. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நம்மிடம் ஒன்று.

கடற்கரைச் சாலையில் காலை நடையில் வருகிற நண்பர் ஒருவர் இதற்கெல்லாம் பதில் வைத்திருக்கிறார். "செகோவியா யாரிடம் கற்றார்? தானாகக் கற்றவர்தானே?" என்று கேட்டார். உண்மைதான். ஸ்பெயின் தேசத்து ஆந்த்ரேஸ் செகோவியா கிட்டாரைப் பெரும்பாலும் தானே கற்றவர். ஆனால் தானாகக் கற்பது வேறு, சீக்கிரம் கற்பது வேறு. ஸ்வர வரிசைகளைத் தொகுத்து மாணவர்களுக்கென்று தனிப் புத்தகமே போட்டவர் அவர். தொண்ணூறு வயதைத் தாண்டியும் மேடையில் வாசித்தார். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் கதை இன்னும் பெரிது. 1928-இல் அவர் தங்கியிருந்த வண்டி தீப்பிடித்து இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கின. அப்போது வயது 18. மீதி விரல்களை வைத்துக்கொண்டு வாத்தியத்தை மறுபடி முதலிலிருந்து பழகினார். 1934-இல் பாரிஸில் அமைந்த அவருடைய ஐவர் குழுவின் இசைத்தட்டுகளை இன்றும் உலகம் கேட்கிறது. நம் இளையராஜா? 1976-இல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன் தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து மேற்கத்திய இசையைப் பாடமாகப் படித்தவர். கிராமத்திலிருந்து வந்த மேதைக்கே மாஸ்டர் தேவைப்பட்டார். நம் பேரனுக்கு வேண்டாமாம்!

வீடியோவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாஸ்டர் கிடைக்காத ஊரில் இருக்கிற பிள்ளைக்கு அது ஒரு வரம். செகோவியாவின் வலது கை எப்படி இருந்தது என்று நானே அதில்தான் பார்த்தேன். ஆனால் நான் வீடியோவைப் பார்க்கலாம், வீடியோ என்னைப் பார்க்காது. "தோளை இறக்குங்கள், மூச்சை விடுங்கள், இந்த ஒரு அளவை மட்டும் பாதி வேகத்தில் மறுபடி" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. நான் போகிற மாஸ்டருக்கு என் மகன் வயது. என்னை 'ஐயா' என்றுதான் கூப்பிடுவார், ஆனால் ஒரு ஸ்வரம் மங்கினாலும் விடமாட்டார். அவரிடம் முன்பு மாலையில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் வருவார்கள். இப்போது நான்கு பேர். மற்றவர்கள் எல்லாம் கைப்பேசியில் கற்கிறார்களாம்.

இனி அசல் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு வயது பதினேழு. பெற்றோர் ஆசையாகக் கிட்டாரும் வாங்கி, ஏதோ ஒரு முப்பது நாள் வகுப்புக்குப் பணமும் கட்டினார்கள். முதல் வாரம் வீடே அதிர்ந்தது. மூன்றாம் வாரம் சத்தம் இல்லை. என்னப்பா என்று கேட்டேன். "எனக்கு மியூசிக் வராது தாத்தா" என்றான். அந்த வகுப்பு சரியில்லை என்று அவன் சொல்லவில்லை. முப்பது நாளில் எல்லோருக்கும் வரும் என்று சொன்னார்கள், தனக்கு வரவில்லை, அப்படியென்றால் குறை தன்னிடம்தான். இதுதான் அவன் போட்ட கணக்கு. குறுக்குவழி விற்பவன் வாக்கைக் காப்பாற்றவில்லை, பழியை மட்டும் பிள்ளையின் தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டான். நாளை கணக்கு வராதபோது, வேலையில் ஒன்று பிடிபடாதபோது, அந்தப் பையன் இதே வாக்கியத்தைத்தான் எடுப்பான். கற்பதற்குக் காலம் ஆகும் என்பது அவனுக்கு யாரும் சொல்லாத ரகசியமாகிவிட்டது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

ஓய்வு பெற்ற நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "இந்த வயதில் மெதுவாகக் கற்க நேரம் ஏது?" என்கிறீர்கள். மெதுவான வழிதான் நமக்கு ஏற்றது. வேகம் கேட்கிற வழி நம் விரலுக்கு ஆகாது. முப்பது, நாற்பது வருடம் தினமும் ஒரே நேரத்துக்குப் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் நாம். அந்த ஒழுங்கு நம்மிடம் ஏராளமாக இருக்கிறது, இளைஞர்களிடம் இல்லாதது அதுதான். நைலான் தந்தி போட்ட கிட்டாராக வாங்குங்கள், விரல் நோகாது. அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் முடியாவிட்டால் காலையில் பதினைந்து, மாலையில் பதினைந்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்வதைவிட இது மேல். நேற்று வராத இடம் ஒரு தூக்கத்துக்குப் பிறகு இன்று காலையில் தானாக வருவதை நீங்களே பார்ப்பீர்கள்.

1952-இல் வந்த 'ழே அந்தெர்தி' என்ற பிரெஞ்சுப் படத்தில் நார்சிஸோ யெப்பெஸ் வாசித்த அந்தக் கிட்டார் மெட்டு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதன் முதல் பாதி எனக்கு நான்காம் வருடம் கைக்கு வந்தது. மேலே ஏறிப் பார் கார்டு பிடிக்க வேண்டிய இரண்டாம் பாதியை இன்னும் பாதி வேகத்தில்தான் வாசிக்கிறேன். போன வருடத்தைவிட இந்த வருடம் சுத்தமாக இருக்கிறது என்று மாஸ்டர் சொல்கிறார். எனக்குக் குறை இல்லை.

பேரப்பிள்ளையின் பிறந்த நாளுக்கு அந்த முப்பது நாள் வகுப்பை வாங்கிக் கொடுக்காதீர்கள். அதே பணத்தில் பக்கத்துத் தெரு மாஸ்டருக்குச் சில மாதச் சம்பளம் கட்டலாம். முடிந்தால் பிள்ளை பயிற்சி செய்கிற இருபது நிமிடமும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும். எங்கள் தெருப் பையனிடம் வெள்ளிக்கிழமை மாலை என்னுடன் மாஸ்டர் வீட்டுக்கு வரும்படி சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறான்.