கடல் கடக்குமுன் கணக்கு!

பென்னாகரத்து உழவன் மகன் ஜெர்மனியில் படிக்கப் போகிறான் என்றால் பூரிக்கிறோம். அதற்காகப் புஞ்சை ஈடாகிறது என்றால் பதைக்கிறோம்! 7.5 லட்சத்துக்கு மேல் கடனென்றால் வங்கிகள் பெரும்பாலும் சொத்தைத்தானே கேட்கின்றன?

அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கட்டணமில்லை, மெய்தான். ஆனால் விசாவுக்கு, 2024 செப்டம்பர் முதல், 11,904 யூரோவை முடக்கிவைத்த கணக்கில் காட்டவேண்டும். மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். வாடகையும் சோறும் காப்பீடும் அதற்குள்ளே!

வேலை பார்த்துக் கடன் தீர்ப்பான் என்பீரா, தோழரே? ஆண்டுக்கு 140 முழு நாளே சட்டம் தரும்.

உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் லண்டன் படிப்பை நிறுத்தித் திரும்பினார் அம்பேத்கர். சேமிப்போடு 1920-இல் மீண்டும் சென்றார், வென்றார்.

தரகர் சொல் நம்பிக் கையெழுத்திடாதீர். முதலில் உதவித்தொகை தேடுவோம். மாதச் செலவை எழுதுவோம். பிறகே கடன் கேட்போம். படிப்பு நம் உரிமை, புஞ்சை நம் உயிர். இரண்டையும் காப்போம்!