அவிந்த உலையின் வெப்பம்

கோவில்பட்டித் தீக்குச்சியை ஊதி அணைத்தால் அதன் வெப்பமும் சிறிது போதில் ஒழியும். அணு உலையின் எரிபொருளோ அத்தன்மைத்தன்று. நம் கரிசற் சீமைக்குத் தெற்கே, கூடங்குளத்தில் 2013-ஆம் ஆண்டு மின்னளிக்கத் தொடங்கிய முதல் உலையின் வெப்பத்திறன் ஏறத்தாழ 3,000 மெகாவாட். அணுப்பிளவு நின்ற கணத்திலும் அதில் நூற்றுக்கு ஆறேழு பங்கு எஞ்சிநிற்கும். ஒரு நாள் கழிந்த பின்னும் ஏறத்தாழ அரைப்பங்கு, அதாவது 15 மெகாவாட் இருக்கும். பிளவுண்ட துண்டங்கள் கதிர்வீசிச் சிதைவதே இதற்குக் காரணம். 2011-இல் ஜப்பானின் புகுஷிமாவில், நிறுத்தப்பெற்ற மூன்று உலைகளின் எரிபொருளை உருக்கியது தணிக்கப்பெறாத இவ்வெப்பமே.

இஃது அளத்தற்கரிய மாயமன்று. ஒரு கிராம் ரேடியம் மணிக்கு ஏறத்தாழ 100 கலோரி வெப்பம் தருவதைக் கியூரியும் லபோர்டும் 1903-இலேயே அளந்தறிந்தனர்.

'அஞ்சுக' என்பாரும் 'அஞ்சற்க' என்பாரும் நம்மிடைப் பலர். அளவு கூறுவார் சிலரே. ஆதலின், உலையினின்று எடுத்த எரிபொருளின் வெப்பக் கணக்கு ஆண்டுதோறும் தமிழில் ஊரறிய வெளிவரல் வேண்டும் என்பதே நமது கருத்து. ஈரம் எத்துணை ஆழம் இறங்கிற்றென்று மண்ணைத் தோண்டிப் பார்த்தே விதைக்கும் கரிசல் உழவர்க்கு அளவை புதிதன்று. அவர்க்கு அதனை விளக்கியுரைத்தல் கற்ற நம் கடன்.