மைலுக்கு ஒரு பென்னி!

"அந்தக் காலத்தில் ரெயில் கட்டணம் கொள்ளை மலிவு!" என்று பெரியவர்கள் சொல்வது உண்டு. அது உண்மைதானா? ரெயில் பிறந்த நாடான இங்கிலாந்தின் கணக்கைப் பார்ப்போம்.

1841-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி, சோனிங் என்ற இடத்தில் மண் சரிவில் மோதி ஒரு ரெயில் தடம் புரண்டது. 9 பேர் மாண்டார்கள். எல்லோரும் 3-ம் வகுப்புப் பயணிகள். அவர்கள் ஏறி வந்தது கூரை இல்லாத திறந்த வண்டி! மூட்டைகளை ஏற்றுவதுபோல ஏழைகளை ஏற்றிய காலம் அது.

1844-ல் ஒரு சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் வியாபார மந்திரி கிளாட்ஸ்டன். பின்னாளில் பிரதமர் ஆனவர். தினமும் ஒரு ரெயிலாவது எல்லா நிலையங்களிலும் நிற்க வேண்டும். மழை படாமல் வண்டிக்குக் கூரை வேண்டும். கட்டணம் மைலுக்கு ஒரு பென்னியைத் தாண்டக் கூடாது என்றது அந்தச் சட்டம். (சில கம்பெனிகள் அந்த ரெயிலை ஆள் வராத நேரத்தில் விட்டன. அது வேறு கதை!)

ஒரு பென்னி மலிவுதானே? லண்டனில் இருந்து மான்செஸ்டர் ஏறத்தாழ 184 மைல். போய்வர 368 பென்னி. 1850-ஐ ஒட்டி, இங்கிலாந்தின் பண்ணைத் தொழிலாளிக்கு வாரக் கூலி சராசரி 114 பென்னி. மூன்று வாரம் பட்டினி கிடந்து மிச்சம் பிடித்தாலும் அந்தப் பயணத்துக்குப் போதாது!

2022-ல் அதே ஊருக்கு, எந்த ரெயிலிலும் போய்வரலாம் என்ற டிக்கெட் சுமார் 369 பவுண்டு. மைலுக்கு ஒரு பவுண்டு! பழைய கணக்கில் ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. கட்டணம் 240 மடங்கு ஆகிவிட்டது. மற்றச் சாமான்களின் விலை நூறு மடங்குக்கு மேல் ஏறியது. ஆனால் 240 மடங்கு ஏறவில்லை. ஆகவே விலைவாசியோடு ஒப்பிட்டால், ரெயில் கட்டணம் கூடியிருக்கிறது.

கூலியோடு ஒப்பிட்டால்? 2022 ஏப்ரலில் 23 வயதுக்கு மேற்பட்டவருக்குச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 9½ பவுண்டு. வாரம் 40 மணி உழைத்தால் 380 பவுண்டு. மூன்று வாரக் கூலியை விழுங்கிய பயணம், ஒரு வாரக் கூலிக்குள் அடங்கிவிட்டது.

சில வாரங்களுக்கு முன்பே பதிவு செய்தால் இன்னும் மலிவாகப் போகலாம். ஆனால் தாய்க்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தவுடன் ஓடுகிறவனுக்கு முன்பதிவு ஏது? கிளாட்ஸ்டன் சட்டத்தில், அன்று காலை வந்து நிற்பவனுக்கும் அதே ஒரு பென்னிதான்.

அரசு வரம்பு விதிக்கும் கட்டணங்கள் 2027 மார்ச் வரை இங்கிலாந்தில் உயராது என்று 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. 30 ஆண்டுகளில் இதுவே முதல் தடவை. தினசரி வேலைக்குப் போகிறவர்களின் சீசன் டிக்கெட் அதில் உண்டு. தொலைதூர ஊருக்கு அவசரமாக ஓடுகிறவன் வாங்கும் அந்த டிக்கெட் அதில் இல்லை.